மணமகள் அறையில் பட்ஜெட்

"மணமகன் அறை" என்று பித்தளைத் தகடு அடித்த கதவுக்குப் பின்னால் பாடத்திட்டக் குழு. எதிரே "மணமகள் அறை"யில் நிதிக் குழு. மேடையில் வைகாசி முகூர்த்தத்துக்கு ஒட்டிய தெர்மாகோல் எழுத்துகள் பெரும்பாலும் உதிர்ந்துபோய், பெண்ணும் இல்லாமல் மாப்பிள்ளையும் இல்லாமல் "வெட்ஸ்" மட்டும் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு வெள்ளைப் பலகை. அதில் கொட்டை எழுத்தில்: "மூன்று வருஷம் கழித்து நாம் எங்கே இருப்போம்?"

"இதே மண்டபத்துலதான். ஆடி மாசம்னா வாடகை பாதி" என்றார் கணக்கு பார்க்கும் அண்ணன், இட்லித் தட்டிலிருந்து நிமிராமல்.

கொட்டாவி வந்தால் வாயில் போட்டுக்கொள்ளலாம் என்று புதினா மிட்டாய் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். ஞாயிறு சாயங்காலம் அது பிரிக்காமலே வீடு வந்து சேர்ந்தது!

இடம் திண்டுக்கல் பக்கம். மூன்று வயதிலிருந்து ஐந்து, ஐந்தரை வரை உள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குத் தயார் பண்ணுவதே வேலையாக வைத்திருக்கும் ஒரு சின்ன அறக்கட்டளை, சனி ஞாயிறு இரண்டு நாள் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து மூன்றாண்டுத் திட்டம் போடுகிறது. பெயர் போடக்கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. அதற்கு நான் சம்மதித்ததும் உள்ளே விட்டு, காபி கொடுத்து, கழுத்தில் ஒரு அட்டையும் மாட்டிவிட்டார்கள். அட்டையில் "பார்வையாளர்" என்று எழுதியிருந்தது. பதினொரு மணிக்குள் நானும் கை தூக்கி ஓட்டுப் போட ஆரம்பித்திருந்தேன், யாரும் தடுக்கவில்லை.

இப்படிப்பட்ட கூட்டங்களை நடத்திக்கொடுப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஃபெசிலிட்டேட்டர் என்று சொல்கிறார்கள். இவர் சென்னையிலிருந்து வந்தவர், நல்ல மனுஷி, பெட்டி நிறைய ஒட்டுச்சீட்டு கொண்டுவந்திருந்தார். மஞ்சள் சீட்டில் பலம், ரோஸில் பலவீனம், பச்சையில் வாய்ப்பு, நீலத்தில் அச்சுறுத்தல். ஆளுக்குப் பத்து எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். எழுதினோம், ஒட்டினோம். ஆனால் அம்மியையே பறக்கவிடுகிற ஆடிக் காற்றுக்கு ஒட்டுச்சீட்டு எந்த மூலைக்கு? சமையல்கட்டுக் கதவை யாரோ திறந்தார்கள். எங்கள் பலமும் பலவீனமும் ஒன்றாகக் கலந்து பந்தி இலைக்கட்டின் மேல் போய் விழுந்தன. பொறுக்கியெடுத்தபோது எது எந்த நிறம் என்று யாரும் கவலைப்படவில்லை. "அரசு அங்கன்வாடியோடு நல்லுறவு" என்ற சீட்டு பலவீனத்தில் ஒட்டப்பட்டு, "அதுவும் உண்மைதானே" என்று அங்கேயே விடப்பட்டது.

இந்த அமைப்பைத் தொடங்கி இன்றுவரை நடத்துகிற பெண்மணியை எல்லோரும் அக்கா என்கிறார்கள். அறுபதைத் தொட்டவர், அதிகம் பேசமாட்டார். யாராவது பெரிய வார்த்தை சொன்னால் "அப்படின்னா திங்கக்கிழமை காலையில என்ன செய்வோம்?" என்று கேட்பார். அவ்வளவுதான், பெரிய வார்த்தை காற்றுப்போன பலூன் மாதிரி சுருங்கிவிடும். இரண்டு நாளில் இந்தக் கேள்வியை எத்தனை தடவை கேட்டார் என்று எண்ண ஆரம்பித்து, சனிக்கிழமை மதியத்தோடு கைவிட்டேன்.

முதல் சண்டை ஒரே ஒரு சொல்லுக்கு. "தயார்" என்றால் என்ன?

ஃபெசிலிட்டேட்டர் பலகையில் ஐந்து வட்டம் போட்டார். 1990-இல் அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் கல்வி இலக்குகள் வகுத்தபோது, 2000-க்குள் எல்லாக் குழந்தைகளும் கற்கத் தயாராகப் பள்ளிக்கு வர வேண்டும் என்பதை முதல் இலக்காக வைத்தார்கள். அங்கேயும் இதே கேள்வி வந்தது. நிபுணர்கள் உட்கார்ந்து ஐந்தாகப் பிரித்தார்கள்: உடல் நலமும் கைகால் அசைவும், மனசும் மற்றவரோடு பழகுவதும், புதிதாக ஒன்றைக் கற்க நெருங்கும் விதம், மொழி, பொது அறிவும் சிந்தனையும். எழுத்து தெரிவது இதில் ஒரு துண்டின் துண்டுதான்.

வந்திருந்த ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஐந்து வட்டத்தையும் நிதானமாகப் படித்தார். அரசுப் பள்ளி. ஜூனில் சேர்ந்த பிள்ளைகளின் அழுகை இன்னும் காதில் கேட்கிற நேரம்.

"எல்லாம் சரிங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். 'ஒண்ணுக்கு வருது மிஸ்'னு பிள்ளைக்குச் சொல்லத் தெரியணும். அ, ஆ நான் பார்த்துக்கிறேன்."

மண்டபம் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. தொடர்ந்து சொன்னார்: புது இடம், புது முகம், அறுபது கண்கள் பார்க்கின்றன. பிள்ளை சொல்லாமல் அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கும். அடக்குகிற பிள்ளைக்குப் பாட்டு காதில் விழாது. கடைசியில் பாவாடை நனையும், பக்கத்துப் பையன் கத்துவான், மறுநாள் அந்தப் பிள்ளை வராது. மில் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு ஒடியா பையன் வந்திருக்கிறான். அவன் சொல்லத்தான் சொன்னான், இவருக்குத்தான் புரியவில்லை.

கவனியுங்கள், ஐந்து வட்டமும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. உடம்பு சொல்வதைத் தெரிந்துகொள்ள வேண்டும், பெரியவரிடம் போய் நிற்கத் துணிவு வேண்டும், வார்த்தை வேண்டும், வரிசையில் காத்திருக்க வேண்டும், திரும்பி வந்து விட்ட இடத்தில் உட்கார வேண்டும். எனக்குப் புல்லரித்துவிட்டது. ஃபெசிலிட்டேட்டர் ஐந்து வட்டத்துக்கும் நடுவில் ஆறாவதாக ஒன்று போட்டு உள்ளே "ஒ.வ.மி." என்று எழுதினார். மறுநாள் சாயங்காலம்வரை அதை யாரும் அழிக்கவில்லை. இறுதி ஆவணத்தில் அதற்கு "தேவையைத் தெரிவிக்கும் திறன்" என்று கோட்டு சூட்டு மாட்டிவிட்டார்கள், அது வேறு விஷயம்.

பிள்ளைகள் எங்கேயும் சேராமல் இருப்பதல்ல இன்றைய சிக்கல். பிரதம் அமைப்பு 2019-இல் இந்தியாவின் 24 மாநிலங்களில் 26 மாவட்டங்களில் சின்னப் பிள்ளைகளை மட்டும் வைத்து எடுத்த ஏசர் ஆய்வில், நான்கிலிருந்து எட்டு வயதுக்காரர்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கன்வாடியிலோ நர்சரியிலோ பள்ளியிலோ ஏதாவது ஒன்றில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கு மேல் அங்கன்வாடிகள். ஊரில் இன்னும் பால்வாடி என்றுதான் சொல்கிறோம். அங்கே போய் உட்காருகிறார்கள்; அப்புறம் ஒருநாள் ஒன்றாம் வகுப்பில் போய் உட்காருகிறார்கள். இரண்டுக்கும் நடுவில்?

நடுவில் ஒரு வேப்பமரம் இருந்தது. இது சனிக்கிழமை மதியம் வெளிவந்த சங்கதி. அங்கன்வாடியிலிருந்து வந்த அம்மாவும் அந்த ஒன்றாம் வகுப்பு டீச்சரும் ஒரே காம்பவுண்டில் வேலை பார்க்கிறவர்கள். வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். வருஷக்கணக்காக வணக்கம் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு பிள்ளையைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசியதில்லை!

"அவங்க ஸ்கூல் எஜுகேஷன், நான் சமூக நலம். என்னன்னு போய்ப் பேசுறது?" என்றார் அங்கன்வாடி அம்மா. ஒரு துறையின் ரிஜிஸ்டர் மறு துறைக்குப் போகாது. மூன்று வருஷமாக மாதாமாதம் எடை பார்த்து, உயரம் பார்த்து, சத்துமாவு கொடுத்து, எந்தப் பிள்ளைக்கு முட்டை பிடிக்காது, எது இடி இடித்தால் பயப்படும் என்று அவருக்குத் தெரிந்ததெல்லாம் மரத்தைத் தாண்டுவதில்லை. அங்கே "ஆடிப் பாடி விளையாடு பாப்பா" என்று ஒரு பாடத்திட்டம், இங்கே 2022 ஜூனில் வந்த "எண்ணும் எழுத்தும்". இரண்டிலும் பாட்டு, இரண்டிலும் பொம்மை. "நீங்களும் விரல் பொம்மை வச்சிருக்கீங்களா?" என்று டீச்சர் கேட்டபோது இருவரும் முதல் தடவை பார்த்துக்கொள்கிற சம்பந்திகள் மாதிரி இருந்தார்கள். கல்யாண மண்டபம் என்பதால் தோன்றியிருக்கலாம்.

அந்த உற்சாகத்தில் அறங்காவலர் ஐயா எழுந்துவிட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கையில் மைக் தேவையில்லாத குரல். அங்கன்வாடி என்ற பேர் எப்படி வந்தது தெரியுமா என்று ஆரம்பித்தார். மகாராஷ்டிரத்தில் போர்டி என்ற ஊர்ப் பக்கம் 1940-களில் தாராபாய் மோடக் ஆதிவாசிப் பிள்ளைகளுக்காகப் பால்வாடி நடத்தினார். பிள்ளைகள் அங்கே வரவில்லை. சரி என்று பள்ளிக்கூடத்தைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டு முற்றத்துக்கே போய்விட்டார். முற்றத்துக்கு மராத்தியில் அங்கண். அப்புறம் 1972-இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு, ஏழைப் பிள்ளைகளுக்கு ஆரம்ப வயசிலேயே சாப்பாடும் சுகாதாரமும் கல்வியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று அறிக்கை தந்தது. 1975 காந்தி ஜெயந்தியன்று 33 வட்டாரங்களில் ஐ.சி.டி.எஸ்., அதாவது இந்த அங்கன்வாடித் திட்டம், தொடங்கியது. எங்கள் எம்.ஜி.ஆர். சத்துணவு 1982... என்று அவர் நகரும்போது அக்கா ஒரு தட்டு வடையை அவர் முன்னால் வைத்தார். நல்ல தலைவர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனால் முற்றத்துக்குப் போன பள்ளிக்கூடம் எங்கள் தலையைவிட்டுப் போகவில்லை. பிள்ளையைப் பள்ளிக்குத் தயார் பண்ணுகிறோம் சரி, பள்ளி பிள்ளைக்குத் தயாரா என்று யாரோ கேட்டார். கைதட்டல். ஃபெசிலிட்டேட்டர் அதையே தொலைநோக்கு வாக்கியமாக எழுதப் போனார். அக்கா தலையை ஆட்டினார். "மேடையில சொல்ல நல்லா இருக்கு. திங்கக்கிழமை காலையில?"

இரண்டாம் நாள், ஞாயிறு. திட்டம் என்றால் புதிதாக என்ன செய்யலாம் என்று பட்டியல் போடுவது என்றுதான் நினைத்திருந்தேன். இல்லையாம்! சுவரில் மூன்று தாள்: தொடர், மாற்று, நிறுத்து. பத்து மணிக்கு "தொடர்" தாள் நிரம்பி வழிகிறது. மாலை நேர டியூஷன், பொம்மை நூலகம், தாய்மார் கூட்டம், நோட்டுப் புத்தகம் கொடுப்பது, கண் பரிசோதனை, எந்தக் காலத்திலோ யாரோ நன்கொடையாகக் கொடுத்த தையல் மெஷினுக்காக ஒரு தையல் வகுப்பு. "நிறுத்து" தாள் வெள்ளை வெளேர்.

அங்கே முதல் சீட்டை ஒட்டியவர் கணக்கு அண்ணன். எழுதியிருந்தது ஒரே சொல்: கவுன்.

பட்டமளிப்பு விழா கவுன்! வருஷா வருஷம் ஏப்ரலில், ஐந்து வயசுப் பிள்ளைகளுக்குக் கருப்பு அங்கி, குஞ்சம் வைத்த தொப்பி, கையில் ரிப்பன் கட்டிய சுருள். பார்த்திருப்பீர்கள், உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு போட்டோ இருக்கலாம். கத்திரி வெயிலுக்கு முந்தின வாரம், பாலியஸ்டர் அங்கிக்குள் பிள்ளைகள் வேர்த்து விறுவிறுத்து அழுதுகொண்டே பட்டம் வாங்கும். நிதி கொடுப்பவர்களுக்கு அந்த போட்டோ ரொம்பப் பிடிக்கும். ஆண்டறிக்கை அட்டையில் அதுதான் வரும்.

"அந்த வாடகையில எல்லா மையத்துக்கும் வருஷம் முழுக்கக் களிமண்ணும் மழுங்கின கத்தரிக்கோலும் வாங்கலாம். பில்லு இருக்கு" என்றார் அண்ணன்.

ஒரு நிமிஷம் மௌனம். பிறகு கலவரம். களப்பணியாளர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். கடைசியில் பேசியது ஒரு தாய், பிரதிநிதியாக வந்தவர், கூலி வேலை பார்க்கிறவர். "எங்க வம்சத்துல யாரும் அந்த அங்கி போட்டதில்லைங்க. எம் பொண்ணு போட்டா, நாங்க அத்தனை பேரும் போட்ட மாதிரி. நீங்க பாட்டுக்கு நிறுத்துன்னு சொல்றீங்க." அவரே இன்னொன்றும் சொன்னார்: பக்கத்து வீட்டுப் பிள்ளை நர்சரி வேனில் போய் நாலு பக்கம் ஏ, பி, சி எழுதிக்கொண்டு வருகிறது, என் பிள்ளை களிமண்ணில் யானை பண்ணிக்கொண்டு வருகிறது, அதை மாமியாரிடம் எப்படிக் காட்டுவது?

இதற்கு வட்டம் போட்டுப் பதில் சொல்ல முடியாது. அங்கன்வாடி அம்மாதான் எழுந்து வந்து, அந்தத் தாயின் கையில் கொஞ்சம் சப்பாத்தி மாவைக் கொடுத்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிசைந்தது. உருட்டச் சொன்னார், கிள்ளச் சொன்னார், கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மூக்கு இழுக்கச் சொன்னார். பிறகு ஒரு பேனாவைக் கொடுத்து, "இப்ப பிடிங்க" என்றார். அதே இரண்டு விரல், அதே அழுத்தம். "விரல்ல பலம் வராம பென்சிலைக் கொடுத்தா, பிள்ளை மொத்தக் கையால பிடிச்சு அமுக்கும், கை வலிக்கும், எழுத்துமேலயே வெறுப்பு வந்துரும். யானை பண்ணுற பிள்ளை எழுத்துக்குத்தான் போய்க்கிட்டு இருக்கு." தாய் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியாருக்கும் மாவு கொடுக்கப் போவதாகச் சொன்னார்.

கவுன் கடைசியில் "மாற்று" தாளுக்குப் போனது. எப்படி மாற்றுவது என்று முடிவாகவில்லை. தையல் மெஷின் "நிறுத்து"க்குப் போனது; அதற்கு ஒருவரும் அழவில்லை.

மணமகள் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். ஆளுயரக் கண்ணாடி, சுற்றி பல்பு, அதன்முன் லேப்டாப்பும் ஃபைலும். அண்ணன் அங்கே ராஜா. தொண்டு நிறுவனக் கணக்கு இப்படிக் கழைக்கூத்து என்று எனக்குத் தெரியாது. பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று வருஷத்துச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013 கம்பெனிச் சட்டம். விதிப்படி ஒரு திட்டத்தை ஆரம்பித்த வருஷம் போக இன்னும் மூன்று வருஷத்துக்கு இழுக்கலாம். "ஆனா கேட்டா, இந்த மார்ச்சுக்குள்ள முடியுமான்னுதான் கேப்பாங்க" என்றார் அண்ணன். மூன்று வயதில் வருகிற பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குப் போகவே இரண்டு வருஷம் ஆகுமே! வெளிநாட்டு நன்கொடை என்றால் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2020 வரை 50 இருந்தது. அதற்குள் எது நிர்வாகம், எது திட்டம் என்று பிரிப்பதற்குள் மனுஷனுக்கு முடி கொட்டிவிடும். அவருக்குக் கொட்டியிருந்தது.

ஒரு டாலர் போட்டால் பல டாலராகத் திரும்பும் என்று ஃபெசிலிட்டேட்டர் ஒரு படம் காட்டியிருந்தார். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற ஊரில் 1962-இல் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளி ஆய்வு. 123 பிள்ளைகள், அவர்களில் 58 பேருக்குப் பாலர் பள்ளி, மற்றவர்களுக்கு இல்லை. இரண்டு கூட்டத்தையும் நாற்பது வயது தாண்டும்வரை விடாமல் பின்தொடர்ந்தார்கள். போனவர்கள் படிப்பிலும் சம்பாத்தியத்திலும் மேலே இருந்தார்கள், சிறைக்குப் போனது குறைவு. இதை எல்லா மேடையிலும் எல்லோரும் காட்டுவார்கள். அண்ணன் மட்டும்தான் அடுத்த கேள்வியைக் கேட்டார்: "அங்க எத்தனை பிள்ளைக்கு ஒரு டீச்சர்?" ஆறு பிள்ளைக்கு ஒருவர், வாராவாரம் வீட்டுக்கும் போய்ப் பார்த்தார்கள். அண்ணன் கால்குலேட்டரை மூடிவைத்துவிட்டுக் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டார்.

அளவுகோல் பகுதியை ஓட்டமாகத் தாண்டிவிடுகிறேன். கம்ப்யூட்டர் தம்பி 64 குறியீடுகள் தயாரித்து வந்திருந்தார். அக்கா, "ஒரு பிள்ளைக்கு 64 கேள்வி கேட்டா, பிள்ளை நம்மள என்னன்னு நினைக்கும்?" என்றார். தம்பி பெருந்தன்மையாக 12 ஆக்கினார். மதியம் அது எட்டாகி, டீயின்போது ஐந்தாகி நின்றது. அதில் மூன்று பிள்ளையைப் பற்றி, ஒன்று வீட்டைப் பற்றி. மிச்சம் ஒன்று பள்ளியைப் பற்றி.

அந்தக் கடைசி ஒன்றில்தான் வண்டி நின்றது. பள்ளி தயாராக இருக்கிறதா என்பதை எதை வைத்து அளப்பது? வண்ணச் சுவரா? நாற்காலியா? யார் யாரோ என்னென்னவோ சொன்னார்கள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தாழ்ப்பாள்" என்றார்.

என்ன?

பிள்ளை தைரியமாக எழுந்து வந்து, ஒ.வ.மி. சொல்லி, கழிப்பறை வரைக்கும் போய்விட்டது என்று வையுங்கள். உள்ளே போனால் தாழ்ப்பாள் எட்டாது. கதவைச் சாத்தாமல் போகக் கூச்சம், தோழியை வெளியே காவல் நிறுத்த வேண்டும், தோழி வராவிட்டால் அடக்கிக்கொண்டு திரும்பி வந்துவிடும். தண்ணீர்க் குழாயும் அப்படித்தான், கரும்பலகையும் அப்படித்தான். அத்தனையும் பெரியவர்கள் உயரத்துக்கு.

"அஞ்சு வயசுக்கு நூத்திப் பத்து சென்டிமீட்டர்" என்றார் அங்கன்வாடி அம்மா, யோசிக்கவே இல்லை. வளர்ச்சி அட்டவணை அவருக்கு மனப்பாடம். "கையைத் தூக்கினா இன்னும் கொஞ்சம். எம்பினா இன்னும் கொஞ்சம்."

தையல் வகுப்பு நடத்துகிறவரின் கைப்பையிலிருந்து இஞ்ச் டேப் வந்தது. ஒட்டுமொத்தக் கூட்டமும், அறங்காவலர் ஐயா உட்பட, மண்டபத்துப் பெண்கள் கழிப்பறை வாசலுக்கு நகர்ந்தது. டீச்சர் தரையில் டேப்பை மிதித்துக்கொண்டார், தம்பி மேலே பிடித்தார். ஒன்றரை மீட்டருக்கும் மேலே போயிற்று. சமையல்காரர் மகள் அங்கே விளையாடிக்கொண்டிருந்தாள், ஒன்றாம் வகுப்பாம். கூப்பிட்டு நிறுத்தினோம். கையைத் தூக்கினாள், எம்பினாள், குதித்தாள். விரல் நுனிக்கும் தாழ்ப்பாளுக்கும் நடுவில் என் உள்ளங்கை தாராளமாக நுழைந்தது.

அந்த நேரம் பார்த்து மண்டப மேனேஜர் வந்துவிட்டார். இருபது பேர் கழிப்பறைக் கதவைச் சுற்றி நின்று கைதட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "என்னங்கம்மா, கதவு ரிப்பேரா?" என்றார் பதற்றமாக. நிதி கொடுக்கும் கம்பெனிக்காரர் ஒருவரும் ஜூமில் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்; இன்னமும் இணைப்பில் இருந்த அவர், லேப்டாப்பிலிருந்து, "சாரி, யூ ஆர் ஆன் மியூட்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மூன்றாண்டுத் திட்டத்தின் முதல் வருஷத்து முதல் வேலை இப்படி முடிவாயிற்று: மையம் இருக்கிற ஒவ்வொரு காம்பவுண்டிலும் ஏப்ரலில் அங்கன்வாடி அம்மா தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேப்பமரத்தைத் தாண்டி ஒன்றாம் வகுப்புக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், இரண்டு துறையிலும் அனுமதி வாங்கி. போகும்போது கையில் ஸ்க்ரூடிரைவரும் இரண்டாவது தாழ்ப்பாளும். பழையதைக் கழற்றக் கூடாது, கீழே புதிதாக ஒன்று. கவுன் போட்டோ எடுக்க வேண்டுமென்றால் அந்த வகுப்பறை வாசலில் எடுத்துக்கொள்ளலாம், துணி பருத்தியாக இருந்தால். அந்தத் தாய் இதற்குச் சம்மதித்தார்.

அக்கா இந்தத் தடவை திங்கட்கிழமையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டது அண்ணன்தான், மணமகள் அறையிலிருந்து தலையை மட்டும் நீட்டி:

"தாழ்ப்பாளை எந்தத் தலைப்புல போடட்டும்? கட்டுமானமா, கற்றல் உபகரணமா?"